ஆறு மணி வண்டி

அன்று காலை பனமலை ஏரிக்குக் கீழே, நிலத்தில் இருக்கும் என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: அப்பாதுரையாகிய நான், என் பங்காளி தாண்டவராயன், திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக் ஜெகதீசன்.

என் மகன் வல்லரசு உள்ளே தூங்குவதாக நான் சொல்லியிருந்தேன்.

வண்டி வல்லரசுடையது. மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, குட்டி டிராக்டர் போல நாலு தடித்த சக்கரம். சேற்றில் உர மூட்டை ஏற்றிப்போக வாங்கினான். ஏடிவி என்பான்.

நாலு நாளாக அது நின்ற இடத்தில் சீராக ஓடவில்லை. உறுமும், திணறும், இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகும்.

அது அணையக் கூடாது. காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் சவுக்குத் தோப்பைத் தாண்டித் தாண்டவராயன் வீடுவரை கேட்க வேண்டும். புதுச்சேரியில் இரவு வேலை முடித்து வந்த பிள்ளை, படுக்கப்போகுமுன் வயலை ஒரு சுற்றுப் பார்க்கிறான் என்று அவர்கள் நினைக்க வேண்டும்.

வல்லரசு போய் ஏழு மாதம் ஆகிறது.

தான் விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொள்ள என் சம்மதம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையும் தகப்பனை விட்டுப் போனதில்லை. அப்பாதுரை பிள்ளை போய்விட்டான் என்று ஊர் பேசுவதைக் கேட்கும் காதும் எனக்கு இல்லை. அதனால் தினமும் ஆறு மணிக்கு நானே சோக்கை இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்புவேன். இரண்டு நிமிடம் போதும். பிறகு அணைத்துவிடுவேன்.

ஜெகதீசன் முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினான். பிறகு வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைச் சுற்றி ஒரு திரவத்தைப் பீய்ச்சினான். எங்காவது வெடிப்பிருந்தால் சத்தம் மாறும் என்றான். மாறவில்லை.

தாண்டவராயன் மோட்டார் கொட்டகையில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

ஜெகதீசன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி போல் இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தான். கார்புரேட்டரில் தங்கியிருந்த பெட்ரோலை உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்தான். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ஐயா, இது ஓடவே இல்லீங்களே. சோக்கு போட்டு சும்மா நிக்கவச்சே ஓட்டியிருக்கீங்க."

எழுபத்தொரு வயதில் ஒரு பிளக்கால் பிடிபடுவேன் என்று நினைத்ததில்லை.

கை துடைக்கத் துணி கேட்டான். உள்ளே போய் எடுத்து வந்தேன். வெளியே வரும்போது கதவை மெதுவாகச் சாத்தினேன். ஏழு மாதமாக அப்படித்தான் சாத்துகிறேன்.

தாண்டவராயன் ஈரக் காலோடு வந்து நின்றான்.

"இன்னாண்ணே, உம் புள்ள வண்டி நாலு நாளா இருமிக்கினே இருக்குது? காசநோயா? அவன எழுப்பு. ஓட்டுறவனக் கேட்டாதான மெக்கானிக்குக்குத் தெரியும்?"

"டூட்டி முடிச்சி வந்து படுத்திருக்கான். எழுப்ப மாட்டேன்."

"அட, நான் எழுப்புறேன் இரு."

படியில் கால் வைத்துவிட்டான்.

"வேணாங்க" என்றான் ஜெகதீசன். பிளக்கை உயர்த்திக் காட்டினான். "இதப் பாத்தாலே தெரியுதே. நாள் தவறாம ஓட்டுறாரு. ஓட்ட ஓட்டக் கரி புடிக்கத்தான் செய்யும். தூங்கட்டும் விடுங்க."

சொல்லிக்கொண்டே இடது கையை முன்சக்கரத்தின் உள்பக்கம் கொண்டுபோனான். அங்கே குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. கட்டைவிரலால் நசுக்கி உதிர்த்துவிட்டு, மண்ணைக் காலால் தள்ளினான்.

தாண்டவராயன் படியிலிருந்து காலை எடுத்தான்.

யாரும் எனக்காகப் பொய் சொல்லும் நிலையில் நான் இருந்ததில்லை. தலையை நிமிர்த்தியே நின்றேன். கழுத்து வலித்தது.

பங்காளி போன பிறகு, ஜெகதீசன் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் ஊசித்துளையுள்ள ஸ்லோ ஜெட்டை எடுத்து மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, ஊதிச் சுத்தம் செய்தான். புதுப் பிளக், புதுப் பெட்ரோல் போட்டான். கார்புரேட்டர் திருகாணியைக் கால் சுற்றுத் திருகினான். வண்டி ஒரே சீராக ஓடியது.

புறப்படும்போது வல்லரசு எங்கே என்று அவன் கேட்கவில்லை. "நிக்கவச்சே ஓட்டுனா மறுபடியும் இதேதாங்க ஆவும். தினம் ஒரு நடை போய்க்கினு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் முதல் விடியுமுன் ஏரிக்கரைவரை போய்வரத் தொடங்கினேன். பனியில் எதிரே வருகிற ஆள் தெரியாது.

இப்போது ஊரில் ஒரு பேச்சு. கரையில் தாண்டவராயன் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, வல்லரசு திரும்பியும் பார்க்காமல் வண்டியை விரட்டிக்கொண்டு போனானாம். பெரியவர்களை மதிக்காத பிள்ளையாம்.

அது தவறு.

கூப்பிட்டால் நிற்காமல் போகிறவன் இல்லை என் மகன். அன்று கரையில் போனது அவனல்ல. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நான்தான் போனேன்.

வல்லரசு யார் கூப்பிட்டாலும் நிற்பான். ஏழு மாதத்துக்கு முன் பையோடு வரப்பில் இறங்கியவன், தோப்பு முடியும்வரை மெதுவாகத்தான் நடந்தான். நான் கூப்பிடவில்லை.