வெண்டலின் எஞ்சின் செத்த கதை

நல்ல எஞ்சினைச் செத்துவிட்டது என்று சொல்கிறவன், மூச்சு விடுகிற மனிதனைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கிறவனுக்குச் சமம் என்று டெல்பர்ட் கிராவுஸ் அறிவித்தார்.

அறிவித்தபோது அவர் குடியிருந்துகொண்டே ஊர் சுற்றுகிற தன் பழைய வீட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் அரிசோனா வெயிலில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதனால் அறிவிப்பின் கம்பீரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கேட்டுக்கொண்டு குந்தியிருந்தவர் வெண்டல்.

இரண்டு வருஷத்துக்கு முன் வெண்டலிடமும் இப்படி ஒரு வீட்டு வண்டி இருந்தது. ஒருநாள் ஆயில் பிரஷர் முள் சைபரில் படுத்துவிட்டது. எஞ்சின் போச்சு என்று சொல்லி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பக்கத்து ஊருக்குள் நகராத டிரெய்லர் ஒன்றில் குடியேறிவிட்டார். வாங்கியவன் சுண்டைக்காய் அளவு சென்சார் ஒன்றை மாற்றினான். அந்த வண்டி இன்றைக்கும் அலாஸ்கா வரை போய் வருகிறது.

குளிர்காலம்தோறும் பாலைவனத்தில் நாலு மணிக்கு அவரவர் நாற்காலியையும் அவரவர் குடியையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வட்டமாகக் கூடுவார்கள். அங்கே டெல்பர்ட் இந்தக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது. புதிதாக வந்தவர்களுக்குப் பெயர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். வெண்டலும் கூடவே சிரிப்பார்.

"யோவ் வெண்டல், தனி மீட்டர் ஒண்ணு மாட்டிப் பாக்காமலே சாவு மணி அடிச்ச ஒரே ஆளு இந்த அமெரிக்காவுலயே நீதான்யா."

"நல்லா இறுக்கு. எண்ணெய் மூஞ்சில ஊத்தப் போவுது," என்றார் வெண்டல்.

இப்போது டெல்பர்ட்டின் முள்ளே சைபரில் கிடக்கிறது.

எண்ணெய் அளவு சரியாக இருந்தது. மோந்து பார்த்தார், பெட்ரோல் வாடை இல்லை. ஆக, ஒன்று சென்சார் பொய் சொல்கிறது. இல்லையென்றால் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. முதலாவது அரை மணி நேர வேலை. இரண்டாவது என்றால், வீட்டு வண்டியில் வண்டி போய் வீடு மட்டும் மிஞ்சும்.

அந்த வீடும் இங்கே நிற்க முடியாது. சர்க்கார் நிலத்தில் பதினான்கு நாளுக்கு மேல் யாரும் தங்கக் கூடாது. நாளை பதினான்காவது நாள்.

வண்டி நகர்ந்தால் மலை தாண்டி ஒரெகன் கடற்கரை. நகராவிட்டால் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒமாஹாவில் மகள் வீட்டில் தரைக்கு அடியில் இருக்கும் அறை. அவரும் மனைவி ஆர்லீனும் ஒன்பது வருஷத்துக்கு முன்பே பேசிவைத்த ஏற்பாடு அது.

"அந்த ஜன்னல்ல போறவன் வர்றவன் முழங்காலுதான்யா தெரியும்," என்று காலையில்கூட ஆர்லீன் சொன்னாள். "எஞ்சின் மட்டும் நல்லா இருக்கணும், டெல்பர்ட்."

ஆர்லீன் இப்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்கு மட்டும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பெட்ரோல் பங்கின் கூரையைப் பாதி பெயர்த்ததிலிருந்து அவள் வண்டி ஓட்டுவதில்லை.

சென்சாரைக் கழற்றிய துளையில் தனி மீட்டரின் குழாயை முறுக்கிவிட்டு டெல்பர்ட் வெளியே உருண்டு வந்தார். மீட்டரை வெண்டல் கையில் பிடித்துக்கொண்டார். எஞ்சின் இருபது நிமிஷம் ஓடிச் சூடேறியது.

சும்மா ஓடும்போது இருபத்தெட்டு.

"ஆர்லீன், கொஞ்சம் மிதி!"

நாற்பத்தைந்து. முள் நடுங்கக்கூட இல்லை. முப்பத்தைந்து வயதான எஞ்சினுக்கு இதைவிட நல்ல ரத்தம் ஓட முடியாது.

வெண்டல் மீட்டரை டெல்பர்ட்டின் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

"இங்க இன்னும் சைபர்தான்!" ஜன்னல் வழியாக ஆர்லீனின் குரல் வந்தது. "அங்க என்னய்யா சொல்லுது?"

டெல்பர்ட் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

பன்னிரண்டு நாளுக்கு முன், இங்கே வருகிற மலை இறக்கத்தில், அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி வேகம் எடுத்தது. குனிந்து பார்த்தார். சர்க்கரை நோய் தின்று மரத்துப்போன வலது பாதம் ஆக்ஸிலேட்டரின் மேல் இருந்தது. எதன் மேல் இருக்கிறோம் என்பது அதற்கே தெரியவில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொடையைத் தூக்கி, பிரேக்கின் மேல் வைத்தார். முன்னால் போன லாரிக்கும் தங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம்தான் இருந்திருக்கும். ஆர்லீன் பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணி எண்ணுகிற மும்முரத்தில் தலை நிமிரவில்லை.

"டெல்பர்ட்?"

"பேரிங் போச்சு, ஆர்லீன்," என்றார். "எஞ்சின் அவ்வளவுதான்."

அவள் கால் கொஞ்ச நேரம் அப்படியே மிதித்தபடி இருந்தது. எஞ்சின் கம்பீரமாக உறுமியது.

"சரியாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். ஆஃப் பண்ணிடு."

எஞ்சின் அடங்கியது. வெண்டலின் கையில் இருந்த முள்ளும் சைபருக்கு இறங்கியது. மேலே கதவு திறக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது.

டெல்பர்ட் வெண்டலைப் பார்க்காமல், அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். இரண்டு குளிர்காலமாக நாலு மணி தவறாமல் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுக்க அந்த மனிதருக்கு ஒரு சிரிப்பு போதும்.

வெண்டல் குழாயைச் சுருட்டினார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அன்னைக்கு நானும் மீட்டர் மாட்டிப் பாத்தேன். எனக்கும் நாப்பத்தஞ்சுதான்யா காட்டுச்சு," என்றார், மெதுவாக.

ஏன் என்று டெல்பர்ட் கேட்கவில்லை. திரும்ப வண்டிக்கு அடியில் போனார். பழுதான அதே சென்சாரைச் சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, ஒழுகாத அளவுக்கு இறுக்கினார்.