ஒரு தட்டு, இரண்டு தட்டு

"கேக்குதா அக்கா? கேக்குதுன்னா ஒரு தட்டு!"

மொட்டைமாடியில் ஏரியல் கட்டிவிட்டு இறங்கிய வேர்வைகூடக் காயவில்லை, அதற்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார் அவர். ரேடியோப் பெட்டியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"பார்த்தியா? முப்பது வருஷம் துறைமுகத்துல ஒயர்லெஸ் பார்த்த கை!" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அக்காவுக்குப் பேச்சு இல்லை. இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித் தனியாக இருக்கிறாள். போனின் பொடி எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மூளையைக் கசக்கி, இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு ரேடியோ வைத்தார். இவர் பேசுவார், அவள் மைக்கின் பொத்தானை அமுக்கி விடுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மைக் முன்னால் ஆஜராகிவிடுவார்.

"நல்லா இருக்கியா?"

டிக்.

"நான் வரணுமா?"

டிக், டிக்.

"சரிக்கா, வைக்கிறேன்."

காபி ஆறுவதற்குள் கடமை முடிந்துவிடும். பார்க்கிறவர்களிடமெல்லாம், "அக்காவைத் தினம் தவறாம விசாரிக்கிற தம்பி இந்தக் காலத்துல எவன் இருக்கான்?" என்று பீற்றிக்கொண்டார்.

மனைவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "ஒரு நடை நேர்ல போய்ப் பார்த்தா கால் தேஞ்சா போயிடும்?"

"அவளே வேண்டாங்கறா. நான் என்ன பண்றது?"

இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள், 'நல்லா இருக்கியா'வுக்கு ஒரு தட்டு வந்த கையோடு, மனைவி மைக்கைப் பிடுங்கினாள். "தினம் இதையே கேட்டு உயிரை வாங்கறீங்க, விடுங்க! அண்ணி, மதியம் மாத்திரை போட்டீங்களா?"

டிக், டிக்.

"ஐயோ, போடலையாமே!"

அவர் மைக்கை வாங்கினார். "ஏன் போடலை? தீர்ந்துபோச்சா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டார். தட்டே வரவில்லை. ஒயரையெல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்தார். பெட்டியில் கோளாறு என்று சொல்லித் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக மாத்திரையும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். தெருவுக்குள் நுழைந்ததும் எந்த வீடு என்று குழம்பிவிட்டது; பச்சை கேட்டைத் தேடினால், அது எப்போதோ நீலமாக மாறியிருந்தது. அக்கா வீட்டை அடையாளம் தெரியாமல் நடுத்தெருவில் நின்றபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீல கேட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரு வேணும்?"

"நான் இந்த வீட்டு அம்மாவோட தம்பி."

அவள் அவரையும் கையிலிருந்த பையையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்துப் பன்னெண்டு நாள் ஆகுதுங்களே. என் வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போனார். இப்போ தேவலை."

"சும்மா சொல்லாதீங்கம்மா! நேத்து சாயங்காலம்கூட ரேடியோவுல பதில் சொன்னா. தினமும் சொல்றா!"

அந்த அம்மாளின் தலை குனிந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"மன்னிச்சுடுங்க, நேத்து எனக்கு என்ன தட்டறதுன்னே தெரியலை. முதல் கேள்விக்கு ஒண்ணு, ரெண்டாவதுக்கு ரெண்டு தட்டினாப் போதும், தம்பி அதுக்கு மேல எதுவும் கேக்கமாட்டான்னுதான் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க."