நாலாம் படை

“வயது போனால் மூளை மங்குமெண்டு ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது?”

பேராசிரியர் அருளம்பலம் கேட்டதும் தர்சிகா வரைபடத்தைப் பார்த்தாள். அவள் சொல்லவில்லை, எலிகள்தான் சொல்லியிருந்தன. மூளையின் மேற்பட்டையில் அடுக்கடுக்காய் ஆறு படைகள். இள எலிகளில் நாலாம் படையில் ஒரு நொதியத்தின் அளவு துள்ளி எழுந்து நின்றது. கிழட்டு எலிகளிலோ ஆறு படையும் ஒரே மட்டம், காற்றில்லாத நாளில் கடனீரேரி கிடப்பதுபோல.

அவளுடைய இரண்டு வருட உழைப்பு. ஆய்வேட்டைக் கையளிக்க நாளைதான் கடைசி நாள். அவர் ஒப்பம் வைக்காவிட்டால் எல்லாம் வீண்.

அவருக்கு அறுபத்தைந்து. ஓய்வுக் கடிதம் வந்த கையோடு, இன்னும் இரண்டு வருடம் நீடிப்புக் கேட்டு எழுதியிருந்தார். இந்த நேரம் பார்த்துக் கிழட்டு எலிகள் இப்படி நடந்துகொண்டது அவருக்குத் துரோகமாகப் பட்டது. பிழை அவளுடைய கையில் என்றார், நொதியத்தைக் காட்டும் சாயத்தில் என்றார், எலிக்குப் போட்ட தீனியில் என்றார். அளந்தது மெசின் என்று அவள் மெல்லச் சொன்னபோது, மெசினுக்கு என்ன அனுபவம் கிடக்கு என்று கேட்டார்.

“தள்ளும், நான் பாக்கிறன்.”

நுணுக்குக்காட்டியின் முன்னே இருந்துவிட்டார். “சேர், அதிலை வைச்சிருக்கிறது…” என்று தொடங்கியவளைக் கை காட்டி அடக்கினார். அவர் பார்க்கும்போது ஒருவரும் கதைப்பதில்லை என்பது அந்த ஆய்வுகூடத்தில் முப்பது வருடச் சட்டம்.

“எழுதும், சாயம் பத்துக்கு எவ்வளவு எண்டு. முதலாம் படை, ரண்டு. ரண்டாம் படை, மூண்டு.” நாலாம் படைக்கு வந்ததும் குரல் குழைந்தது. “ஒம்பது. கிழட்டு எலிதான், எண்டாலும் எப்பிடி நிக்குது பாரும். உமக்குக் கண் இருக்கு, அனுபவம் இல்லை.”

ஆறு எண்களையும் அவள் எழுதினாள். புது வரைபடத்தைக் கீறித் தரச் சொல்லிவிட்டு, அவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தர்சிகா நுணுக்குக்காட்டியிலிருந்து தகட்டை வெளியே எடுத்தாள்.

“சேர், அது மூளையே இல்லை. சாயம் பிடிக்குதோ எண்டு பாக்க, காலமை சந்தையிலை வாங்கின ஆட்டீரல்.”

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு பழைய வரைபடத்தை இழுத்து அடியில் ஒப்பம் வைத்தார்.