பத்து மணிக்கு வரவேண்டிய எம்பி

"பத்து மணிக்கு வாரேன்னு சொன்ன மனுசன் எங்கடி?"

மீனம்மா இதோடு எட்டாவது தடவையாகக் கேட்டுவிட்டாள். சண்முகவடிவு தேயிலைக் கொழுந்தை வெடுக்கு வெடுக்கென்று கிள்ளிக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு தாண்டியாயிற்று. கீழே ரோட்டில் ஒரு வண்டியையும் காணோம்.

எம்பி ஜூட்சனை வரச்சொன்னது அவள்தான். தோட்டத்து மாதர் சங்கத் தலைவி ஆயிற்றே. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஆறு ஓடுகிறது. அதற்குப் பாலம் என்று இருப்பது உளுத்துப்போன ரெண்டு பலகை. போன கிழமை அதில் வழுக்கியது அவள் மகள் யசோதினி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பின்னால் வந்த டீச்சர் புத்தகப் பையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள்.

அன்றைக்கே கொட்டகலைக்குப் பஸ் ஏறிப் போய் எம்பியைப் பிடித்துவிட்டாள்.

"நேர்ல வந்து பாக்குறேன்க்கா. பார்த்துட்டுப் பேசினாத்தான் பார்லிமென்ட்ல எடுபடும். வார செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை அங்க பேச எனக்கு நேரம் குடுத்திருக்காங்க" என்றார் அவர். அவருடைய ஆபீஸ்காரர்கள் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அதை விட்டால் இனி அடுத்த மாதம்தான். அதற்குள் மழை வந்துவிடும், ஆறும் ஏறிவிடும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்திலேயே அவள் ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்திருந்தாள். "வண்டியக் கண்டதும் எல்லாரும் மலையை விட்டு இறங்கிரணும். கூட்டத்தப் பார்த்தாத்தான் இவங்களுக்கு வேலை ஓடும்."

மணி ரெண்டும் ஆயிற்று. போன் பண்ணலாம் என்றால் அந்த மலையில் சிக்னல் கிடையாது.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் மீனம்மா. "மாசத்துல ரெண்டு கிழமை பார்லிமென்ட்டுல இருக்காங்க, ரெண்டு கிழமை பேஸ்புக்குல இருக்காங்க. நமக்கு எங்க நாளு மிச்சம்?"

எல்லாரும் சிரித்தார்கள். சண்முகவடிவுக்கு அழுகை முட்டியது.

நாலு மணிக்கு மடுவத்துத் தராசில் கொழுந்து நிறுத்தார்கள். நல்ல கொழுந்து நாள். பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம்தான். அன்றைக்கு ஒருத்தியும் குறையவில்லை.

"ஒரு வகையில அவரு வராததும் நல்லதுதான். எல்லாருக்கும் முழுப்பேர்" என்றாள் மீனம்மா.

"ஆமாடி. அந்த முழுப்பேர வச்சுப் பாலம் கட்டிக்க" என்று எரிந்து விழுந்தாள் சண்முகவடிவு.

அவர்கள் லயத்துக்கு வந்து சேரவும், ஆற்றங்கரையில் எம்பியின் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஜூட்சன் இறங்கினார். சண்முகவடிவு அவரை வணக்கம் சொல்லக்கூட விடவில்லை.

"வாங்க தம்பி. உங்க கடிகாரத்துல இப்பத்தான் பத்து மணியா? வோட்டுக் கேக்க வந்தப்ப மட்டும் விடியக்காலையிலயே வாசல்ல நின்னீங்களே. எங்க புள்ளைங்க உசுருன்னா அவ்வளவு எளக்காரமா?"

எம்பி முகம் சுளிக்கவில்லை.

"தப்புதான்க்கா. பிந்திப் போச்சு" என்றார். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறி அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். டேப் பிடித்து அகலம் அளந்தார். தன்னை யாரும் படம் எடுக்க விடாமல் பாலத்தை மட்டும் எடுத்தார். பிறகு யசோதினி பக்கத்தில் குந்தி, எந்த இடத்தில் கால் வழுக்கியது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை கட்டாயம் பேசுறேன்க்கா."

"பேசுவீங்க. எத்தனை மணிக்குன்னுதான் தெரியல" என்றாள் அவள். மனசு ஆறவே இல்லை.

அந்த நேரம் டிரைவர் அழகுமுத்து லயத்து வாசலில் வந்து நின்றான். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்களேன்."

எம்பி மேல் இருக்கிற கோபத்தை வாசலுக்கு வந்தவனிடம் காட்டுவார்களா? ரொட்டியும் சம்பலும் வைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். தலையை நிமிர்த்தாமல் மூன்று ரொட்டி சாப்பிட்டான்.

"ஏம்ப்பா, கொழும்புல இருந்து வார வழியில ஒரு கடையும் இல்லியா?"

"கொழும்புல இருந்து நேத்தே வந்துட்டோம்க்கா. இன்னைக்கு ஒன்பதரைக்கே உங்க தோட்டத்துக்கு வந்தாச்சு. கீழ் வளைவுல மறைவா வண்டிய நிப்பாட்டிட்டு ஏழு மணித்தியாலமா அங்கனயேதான் இருந்தோம். அவரும் இன்னும் சாப்பிடல."

சண்முகவடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்க உக்காந்து என்னய்யா பண்ணீங்க? நாங்க இங்க வழிமேல கண்ண வச்சுக்கிட்டு கெடந்தோமே!"

அழகுமுத்து எம்பி இருக்கும் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"போன மாசம் வேற ஒரு தோட்டத்துக்குப் பகல்ல போனோம்க்கா. நூறு பொம்பளைங்க மலைய விட்டு இறங்கி வந்து இவர வரவேத்தாங்க. அன்னைக்கு அத்தனை பேருக்கும் அரைப்பேர் விழுந்தது இவருக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. மனுசன் நொந்து போயிட்டாரு. இன்னைக்கு வளைவுல வரும்போதே மலையில உங்களையெல்லாம் பார்த்துட்டாரு. 'ஓரமா நிப்பாட்டு அழகுமுத்து, அவங்க கொழுந்து நிறுத்து முடிக்கட்டும். ஏச்சுத்தானே விழும், அத நான் வாங்கிக்கிறேன்'னு சொல்லிட்டாருக்கா."