நிற அட்டை

“புதுசா வந்த அந்தக் கம்பியூட்டர் கேமுக்குக் கள்ளக் கொப்பி ஒண்டு தாங்க, நானா.”

ஹுமைத் கேட்டதுமே பதுளைக் கடைக்காரர் மொஹிதீன் கொதித்தார்.

“இங்க கேம் பதிஞ்ச ஒரிஜினல் டேப் கெசட் மட்டுந்தான்! அதோட ஒரு நிற அட்டை வரும். கம்பியூட்டர் அதுல ஒரு கட்டத்தோட நிறத்தக் கேக்கும். அது சிவப்பா பச்சையா எண்டு அட்டையில பாத்து அழுத்தினாத்தான் கேம் தொடங்கும். அட்டைய போட்டோகொப்பி எடுத்தா எல்லாம் கறுப்பு. கள்ளன் முழிப்பான்!”

ஹுமைத் பையிலிருந்து ஒரிஜினல் கெசட்டையும் நிற அட்டையையும் எடுத்து வைத்தான்.

“போன கிழமை உங்கக்கிட்ட வாங்கினது. இன்னம் தொடங்கவே இல்ல.”

“அட்டைதான் இருக்கே!”

“எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரித் தெரியும், நானா. அதாலதான் ரயில்வே வேலைக்கும் எடுக்கல்ல. ஆனா, அவங்க என்கிட்ட காசு வாங்கல்லையே!”

மொஹிதீன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து பேனாவால் அந்தக் கேமின் பெயரெழுதிய கெசட் ஒன்றை நீட்டினார்.

“சத்தம் போடாதீங்க. இது நிறமெல்லாம் கேக்காது. நானும் இதுலதான் விளையாடுறேன்.”