காது மெஷினுக்கு ஒரு பூச்சு

“இன்னைக்கே வேணும்க்கா. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, இருந்து வாங்கிட்டுப் போறேன்.”

மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த மருமகள் நீட்டிய காது மெஷினைப் பார்த்ததுமே காது டாக்டருக்கு எரிச்சல் வந்தது. பேர்தான் டாக்டர். வைத்தியம் எல்லாம் மெஷினுக்குள் இருக்கிற குட்டிக் குட்டி போர்டுகளுக்குத்தான். கடைத்தெருக்காரர்கள் வைத்த பட்டப்பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

“மறுபடியுமா? இது மூணாவது தடவைம்மா. உன் மாமனார் இதைக் காதுல மாட்டுறாரா, இல்ல தண்ணில ஊறப்போடுறாரா?”

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து சாதுவாகச் சிரித்தார். மெஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

“எப்படியாவது சாயந்தரத்துக்குள்ள சரிபண்ணிடுங்கக்கா. வெளியூர் போன அவர் இன்னைக்கு வந்துடுவாரு.”

‘ஓஹோ! புருஷன் வர்றதுக்குள்ள நல்ல பேர் வாங்கணுமாக்கும்!’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே காது டாக்டர் மெஷினைப் பிரித்தாள்.

போன இரண்டு தடவையும் வியர்வைதான் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்திருந்தாள். போர்டின் மேல் வார்னிஷ் மாதிரி மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கும். ஈரம் அண்டாமல் காப்பாற்றுவது அதுதான். பழைய பூச்சைத் தின்னர் விட்டுக் கரைத்து, மொத்தத்தையும் துடைத்து, புதுசாகப் பூசிக் கொடுத்திருந்தாள். இரண்டு தடவையும் மெஷின் ஜோராக வேலை செய்தது. கொஞ்ச நாளில் பழைய குருடி கதைதான்.

இந்தத் தடவை ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அவள் பூசிய பூச்சு அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். போர்டு முழுக்க நீலம், ஒரு குறையும் இல்லை. ஆனால் பேட்டரி தொடுகிற தகட்டின் மேலும் ஏதோ பூசியிருந்தது. அது மட்டும் ஒளிரவில்லை. ஊசியால் சுரண்டினாள். தோல் மாதிரி உரிந்து வந்தது. மோந்து பார்த்தாள்.

நெயில் பாலிஷ்! நிறமே இல்லாத நெயில் பாலிஷ்!

காது டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சு போடுகிறவர்கள் அந்தத் தகட்டை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பிரஷ்ஷையே கையில் எடுப்பார்கள். அங்கே பட்டால் கரண்ட் போகாது, மெஷின் அவுட். இது தெரியாமல் பட்டதில்லை. யாரோ வேண்டுமென்றே தடவியிருக்கிறார்கள்.

நிமிர்ந்து மருமகளின் விரல்களைப் பார்த்தாள். நகம் பத்தும் பளபள. அப்புறம் கேட்கவா வேண்டும்?

“அடிப்பாவி! கெடுக்கிறதும் நீ, ரிப்பேருக்குத் தூக்கிட்டு வர்றதும் நீயா?”

“என்னக்கா சொல்றீங்க?”

“மெஷினுக்குள்ள நெயில் பாலிஷைத் தடவி மாமனார் காதை அடைச்சுட்டு, நாலு பேர் முன்னால நல்ல மருமக வேஷமா?”

“சத்தியமா நான் இல்லக்கா. வீட்டுல பாட்டில் இருக்கு, ஆனா நான் எதுக்கு…”

“நடிக்காதே! பெரியவர் பாவம், வாயில்லாப் பூச்சியா உட்கார்ந்திருக்காரு. உனக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!”

கோபத்தில் கை பரபரத்தது. பஞ்சில் தின்னரைத் தொட்டுத் தகட்டைப் பளிச்சென்று துடைத்தாள். பேட்டரியைப் போட்டு, மெஷினை மூடி, தானே போய் மாமனாரின் காதில் மாட்டிவிட்டாள்.

“கேக்குதா ஐயா? இனிமே கவலைப்படாதீங்க. உங்க மருமக பண்ணின வேலையை உங்க பையன்கிட்ட நானே சொல்றேன். அவரு வரட்டும்.”

மாமனாரின் முகம் வெளிறியது.

“ஐயையோ, அவன்கிட்ட சொல்லாதம்மா! கொன்னே போட்டுடுவான்!”

“போடட்டும். செஞ்ச காரியத்துக்கு…”

“அவ செய்யலம்மா. நான்தான் செஞ்சேன்.”

“நீங்களா? உங்க மெஷினை நீங்களேவா? எதுக்கு?”

மாமனார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “குடிச்சுட்டு வந்து இவளைப் போட்டு அடிப்பான். இவ கதறுவா. என்னால அதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியலம்மா.”

“அதுக்கு மெஷினைக் கழட்டி வெச்சுட வேண்டியதுதானே?”

“கழட்டினா ஏன் கழட்டினேன்னு கேப்பாங்க. கெட்டுப்போச்சுன்னா ஒரு கேள்வியும் இல்லையே.”

காது டாக்டர் மருமகளின் பக்கம் திரும்பினாள். மருமகளோ அவளைப் பார்க்கவே இல்லை. மாமனாரையே பார்த்தபடி நின்றாள்.

“காது கேக்காமத்தான் நீங்க எந்திரிச்சு வரலைன்னு நினைச்சேன் மாமா.”