மாவுக் கட்டி

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய முனிலட்சுமி, தன் வீட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள். அவரைக் குழம்பின் வாசனை வீடு முழுக்க நிற்கிறது. சன்னல் வழியே விழும் வெயிலில் ஒரு தட்டு; அதில் ஆவி பறக்கும் களி உருண்டை, வழவழவென்று, விரல்தடம்கூட இல்லாமல். பதினெட்டு வருடத்தில் வெந்நீர்கூட வைத்தறியாத கணவன் திம்மப்பன் பக்கத்தில் நிற்கிறான். “யாரு வந்து கிண்டிக் குடுத்தாங்க?” “யாரும் வரல. நான்தான் கிண்டினேன்.” அவள் முகத்தைப் பார்க்காமலே குழம்பை ஊற்றுகிறான். அடுத்த வீட்டு மாதேஸ்வரி கிண்டும் களி இப்படித்தான் பளபளக்கும். போன வாரம் குழாயடியில் அவளோடு இவன் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றதையும் முனிலட்சுமி பார்த்திருக்கிறாள். கதவு மூலை, அடுப்பு மேடை என்று அவள் கண் எதையோ தேடுகிறது. ஒன்றும் அகப்படவில்லை. பசி தாங்காமல் உட்கார்ந்து உருண்டையைப் பிட்கிறாள். நடுவிலிருந்து வேகாத கேழ்வரகு மாவு பொலபொலவென்று தட்டில் உதிர்கிறது. இன்னும் பிட்டால் இன்னும் கட்டிகள். மாதேஸ்வரி கையில் இப்படி ஆகாது. இந்த உத்தனப்பள்ளி ஊரில் எந்தப் பெண் கையிலும் ஆகாது. “நல்லா இல்லியா?” என்கிறான் திம்மப்பன். அவள் மாவோடு சேர்த்துக் குழம்பில் புரட்டி விழுங்கிவிட்டு, தட்டை அவன் பக்கம் நகர்த்துகிறாள். “இன்னொரு உருண்டை வைங்க.”